காப்பிக் கறையைக் காப்பாற்றுவது எப்படி?

கறையைப் போக்க யோசனை சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மாமி சொல்வார், ஊரிலிருந்து சித்தி போனில் சொல்வார், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வந்து விழும். கறையைக் காப்பாற்ற இதுவரை யாராவது உங்களுக்கு வழி சொன்னதுண்டா? இல்லை. இருந்தும் உங்கள் வீட்டு சோபாவில் ஒரு பழுப்பு வட்டம் இருக்கிறது. பீரோவில் இருக்கும் வெள்ளை வேட்டியில் ஒன்று இருக்கிறது. யாரும் கற்றுத் தராமலே கைவந்த கலை! அதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தருவதுதான் என் வேலை.

தொடங்கும் முன் ஒன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: காப்பி கொட்டுவது விபத்து. கறை உங்கள் உழைப்பு.

படி 1: விளிம்பு வரை ஊற்றுங்கள்

முதலில் டபராவை வீட்டைவிட்டு விரட்டுங்கள். டம்ளருக்குக் கீழே அகலமாக உட்கார்ந்துகொண்டு, சிந்துவதையெல்லாம் வாங்கிக்கொள்ளும் பாத்திரம் அது. அது இருக்கும் வரை நமக்கு வேலை இல்லை. பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்த பீங்கான் கோப்பையை எடுங்கள். தளும்பத் தளும்ப ஊற்றுங்கள்.

மேலே நுரை நின்றால் ஊதித் தள்ளுங்கள். நுரை இருந்தால் கீழே திரவம் ஆடுவது சீக்கிரம் அடங்கிவிடும் என்று ஆய்வுக்கூடத்திலேயே பார்த்திருக்கிறார்கள். நுரை பொங்க டபராவில் காப்பி கொடுத்த பாட்டிகள் இரட்டைப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். இரண்டையும் உடைத்தாயிற்று. இனி நடங்கள்.

எப்படி நடப்பது என்பதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. காப்பியோடு நடந்தால் ஏன் சிந்துகிறது என்று ஆராய்ந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் இருவருக்கு 2012-இல், வேடிக்கையான ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது. மனிதன் நடக்கும் தாளமும் கோப்பைக்குள் காப்பி ஆடும் தாளமும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன என்று கண்டார்கள். ஊஞ்சலில் இருக்கும் குழந்தையைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல உங்கள் ஒவ்வோர் அடியும் காப்பியைத் தள்ளுகிறது. கோப்பையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் சிந்துவது குறையும் என்பதும் அவர்கள் கண்டதுதான். ஆகவே நீங்கள் போனைப் பாருங்கள்.

பின்னோக்கி நடந்தால் சிந்துவது குறையும் என்று காட்டியவருக்கு 2017-இல் அதே பரிசு கிடைத்தது. உங்கள் ஹாலில் பின்னால் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் கிடக்கும். தாராளமாக முயன்று பாருங்கள்.

படி 2: விசாரணைக் கமிஷன் வையுங்கள்

கொட்டிவிட்டதா? பாராட்டுகள். இப்போது கையில் இருக்கும் ஐந்து நிமிடம் மிக ஆபத்தானது. ஒரு காய்ந்த துணியும் ஒரு சொம்பு பச்சைத்தண்ணீரும் இந்த ஐந்து நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தால் எல்லாம் போச்சு. கறை விழுந்த இடமே தெரியாமல் போய்விடும். எனவே ஐந்து நிமிடத்தையும் நீதிக்குச் செலவிடுங்கள்.

"யாரு டம்ளரை இங்க வச்சது?" என்று தொடங்குங்கள்.

"நான் அப்பவே சொன்னேன்" என்று தொடருங்கள். எப்போது சொன்னீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சோபாக் கைப்பிடியில் டம்ளர் வைப்பது எந்தக் குடும்பத்துப் பழக்கம் என்பதை அலசுங்கள். போன தீபாவளிக்குக் கொட்டியது யார் என்ற பழைய கேஸையும் இதோடு சேர்த்து விசாரியுங்கள். கொட்டியது பிள்ளை என்றால் "அப்படியே அப்பா" என்று தீர்ப்பு எழுதிவிடலாம். கொட்டியது நீங்களே என்றால், குற்றவாளி மின்விசிறி.

சாட்சிகள் பேசிக்கொண்டிருக்கட்டும். காப்பி அதற்குள் நூலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். பருத்தி ஈரத்தை உறிஞ்சப் பிறந்த இழை. தீர்ப்பு வரும்வரை காத்திருக்காது.

படி 3: தேயுங்கள்

துணியை வைத்து ஒற்றி எடுத்தால் காப்பி மேலே வந்துவிடும். ஒற்றவே கூடாது. அழுத்தித் தேயுங்கள். ஐந்து ரூபாய் நாணயமாக இருந்தது அடைதோசை அளவுக்கு வரட்டும். இழை பிய்ந்து பஞ்சு எழும்பினால் சரியான பாதையில் போகிறீர்கள் என்று பொருள்.

எந்தத் துணியால் தேய்ப்பது? கைக்கு எட்டியதால். அடுப்படிப் பிடிதுணி மிகவும் உகந்தது. அதில் சாம்பார் இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக மஞ்சள் இருக்கிறது. ஒரு கறையைத் துடைக்கப் போய் இன்னொன்றை நட்டுவிட்டு வருவதுதான் சிக்கனம். பிறகு அதில் சோப்பு போடும்போது மஞ்சள் சிவப்பாக மாறும். பயப்பட வேண்டாம். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கிறதே, அதே வித்தை. சோப்பும் காரம், சுண்ணாம்பும் காரம். உங்கள் சட்டைக்கு ஆரத்தி எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: வெந்நீர் ஊற்றுங்கள்

அழுக்கென்றால் வெந்நீர் என்று ஒரு நம்பிக்கை நம் எல்லாரிடமும் இருக்கிறது. அதைக் கைவிடாதீர்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள்.

கடுங்காப்பி குடிக்கிறவர்களுக்கு இதில் பெரிய பலன் கிடைக்காது. நம் காப்பியில் பால் இருக்கிறது. பாலில் புரதம் இருக்கிறது. சூடு பட்டால் அது பிடித்துக்கொள்ளும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு சீரியல் பார்க்கப் போன அன்று பாத்திரத்தின் அடியைச் சுரண்டியிருப்பீர்களே, அந்த வேலையை இனி உங்கள் சட்டைப் பையிலும் செய்யலாம்.

கறை அடர்த்தியாக வேண்டுமென்றால் கடையில் காப்பித்தூள் வாங்கும்போதே யோசித்திருக்க வேண்டும். சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அதாவது சிக்கரி 49 வரை போகலாம். டிகாஷனுக்குக் கறுப்பு ஏற்றுவதில் சிக்கரி கெட்டிக்காரி. எல்லை வரை போங்கள்.

படி 5: சோப்புக் கட்டியால் முத்திரை வையுங்கள்

துணி துவைக்கும் கல், சோப்புக் கட்டி, முழங்கை பலம். மூன்றும் இருந்தால் எந்தக் கறையும் எங்கும் போகாது. கட்டிச் சோப்பு எண்ணெயும் காரமும் சேர்ந்தது. எண்ணெய்ப் பிசுக்குக்கு அது நல்லது. காப்பி, டீ போன்ற துவர்ப்புக் கறையில் நேரடியாகத் தேய்த்தால் கறை இன்னும் இறுகிவிடும் என்பது துணி தெரிந்தவர்களின் எச்சரிக்கை. நமக்கு அது சிபாரிசு. திரவ டிடர்ஜென்ட் பாட்டில் பக்கத்திலேயே இருந்தால் அதைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வையுங்கள்.

படி 6: எல்லா வைத்தியத்தையும் ஒரே நேரத்தில் பாருங்கள்

எலுமிச்சை, உப்பு, டால்கம் பவுடர், பற்பசை, வினிகர், சமையல் சோடா. ஒன்றைப் போட்டுப் பொறுத்துப் பார்க்க உங்களுக்கு ஏது நேரம்? எல்லாவற்றையும் கொட்டுங்கள்.

வினிகரும் சமையல் சோடாவும் சேர்ந்ததும் நுரை பொங்கும். வீடியோவில் பார்த்த அதே நுரை! நெஞ்சு நிறையும். வினிகர் புளிப்பு, சோடா காரம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஓய்ந்தபின் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத்தண்ணீர். கறைக்கு இரண்டு நிமிடம் வேடிக்கை காட்டினோம், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் விளையாட்டுக்கும் வேண்டாம். பிளீச்சிங் திரவத்தோடு வினிகரையோ கழிவறை ஆசிட்டையோ கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலைப் பொசுக்கும் விஷம். கறையைப் பார்த்துப் பெருமைப்பட நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும்.

படி 7: துருப்பிடித்த வாளியில் ஊறவையுங்கள்

இதுவரை செய்தது குடிசைத் தொழில். இனி கலை.

ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி வரைபவர்கள் பருத்தித் துணியை முதலில் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஏறிக்கொள்ளும். பால் சாயத்தைப் பரவவிடாமல் பிடித்துவைக்கும். பிறகு இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த நீரால் கோடு இழுத்தால், துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுப்பாகும். எத்தனை முறை அலசினாலும் போகாத கறுப்பு.

இப்போது உங்கள் சட்டையைப் பாருங்கள். கடுக்காய்க்குப் பதில் அதன் தூரத்து உறவான காப்பித் துவர்ப்பு. பால் ஏற்கெனவே இருக்கிறது. வெல்லத்துக்குப் பதில் சர்க்கரை. குறைவது இரும்பு ஒன்றுதான். மாடியில் விளிம்பு துருப்பிடித்த பழைய வாளி கிடக்குமே, அதில் சட்டையை இரவு முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் எடுத்துப் பார்த்தால் பழுப்பு கருமைக்குப் போயிருக்கும். கலைஞர்கள் பல நாள் பாடுபட்டு வரவழைப்பதை நீங்கள் தூங்கிக்கொண்டே செய்துவிட்டீர்கள்.

படி 8: நீலம் போட்டு, இஸ்திரிக்கு அனுப்புங்கள்

வெள்ளைத் துணி என்றால் நீலம் போடுங்கள். நீலம் கறையை எடுக்காது. மஞ்சளடித்த துணியைக் கண்ணுக்கு வெள்ளையாகக் காட்டும், அவ்வளவே. பழுப்புக்கு மேல் நீலம் திட்டுத்திட்டாகப் படிந்தால் சட்டை முதுகில் உலக வரைபடம் கிடைக்கும். தீவுகளுக்குப் பெயர் வைக்கும் உரிமை உங்களுடையது.

கறை போனதா என்று பார்க்காமல் கொடியில் போடுங்கள். துணி ஈரமாக இருக்கும்போது கறை ஒளிந்துகொள்ளும். காய்ந்ததும் எழுந்து உட்காரும். அப்போதும் பார்க்காதீர்கள். மடித்து இஸ்திரி வண்டிக்கு அனுப்புங்கள். பெட்டியின் சூடு மிச்சமிருந்த பாலையும் சர்க்கரையையும் இழையோடு சேர்த்துச் சுட்டுக் கொடுக்கும்.

சட்டை திரும்பி வந்ததும் வாசலில் நின்று கேளுங்கள்.

"அண்ணே, இது எப்படி வந்துச்சு?"

"நான் தேய்க்கிறப்பவே இருந்துச்சு சார்."

"இல்லண்ணே, எங்க வீட்ல காப்பியே குடிக்கிறதில்ல."

கையில் டம்ளரோடு இதைச் சொல்லாமல் இருந்தால் போதும்.

சலவைக்குப் போன துணிகள் மாறிப்போகாமல் இருக்க அந்தக் காலத்தில் சேங்கொட்டைச் சாற்றால் குறி போடுவார்கள். எத்தனை வெளுப்புக்கும் அழியாது. உங்கள் சட்டைக்கு இனி அந்தச் செலவும் இல்லை.

படி 9: பட்டுப்புடவைக்குத் தனி மரியாதை

முகூர்த்தம் முடிந்து பந்திக்குப் போகும் வழியில் யாரோ ஒருவரின் முழங்கை உங்கள் கையில் இடிக்கும். மடியில் காப்பி. புடவை காஞ்சிபுரம்.

பதறாதீர்கள். மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, உடனே பிளீச். பட்டும் நம் தலைமுடியைப் போலப் புரதம்தான். குளோரின் பிளீச் அதைக் கரைத்துத் தின்னும். கறையும் போகும், கறை இருந்த இடமும் போகும். நாம் பேசுவது கறையைக் காப்பாற்றுவதைப் பற்றி என்பதால் இதை நான் அவ்வளவாகச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இரண்டாவது வழி, குழாயடியில் வைத்து முறுக்கிப் பிழிவது. கறை வெளுக்குமோ இல்லையோ, பட்டின் மினுமினுப்பு அன்றோடு விடைபெறும்.

மூன்றாவது வழியே உத்தமம்: ஒன்றும் செய்யாதீர்கள். வீட்டுக்கு வந்து புடவையை மடித்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, பீரோவின் அடித்தட்டில் வையுங்கள். "அப்புறம் டிரை கிளீனிங் கொடுக்கணும்" என்று சொல்லிக்கொள்ளுங்கள். அடுத்த கல்யாணம் வரும்வரை தொடாதீர்கள். காற்றுப் பட்டுப் பட்டு கறை கறுத்துக்கொண்டே வரும். சர்க்கரை வாசனைக்குப் பூச்சியும் வரும். இரண்டு வருடம் கழித்து டிரை கிளீனரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, என்ன கறை என்று அவர் கேட்டால் "தெரியல" என்று சொல்லுங்கள். அவருக்கும் கொஞ்சம் வேலை வேண்டாமா?

படி 10: மேஜையில் வட்டம் போடுங்கள்

அடி நனைந்த டம்ளரை மேஜையில் வையுங்கள். கீழே எதுவும் வைக்கக் கூடாது. வைத்தே தீர வேண்டுமென்றால் வீட்டுப் பத்திரம், பாஸ்போர்ட், நூலகத்தில் இரவல் வாங்கிய புத்தகம் இவற்றில் ஒன்றை வையுங்கள்.

ஒரு சொட்டு காப்பி காய்ந்தால்கூட நடுவில் வெளிறி, ஓரத்தில் மட்டும் கறுப்பாக நிற்கும். கவனித்திருக்கிறீர்களா? சிகாகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கவனித்தார்கள். 1997-இல் நேச்சர் இதழில் காரணமும் எழுதினார்கள். சொட்டின் விளிம்பு மேஜையைப் பிடித்துக்கொண்டு நகராது. அங்கேதான் ஈரமும் வேகமாகக் காயும். காய்ந்ததை ஈடுகட்ட நடுவிலிருந்து காப்பி ஓரத்துக்கு ஓடும். ஓடும்போது தூளையும் இழுத்துக்கொண்டு போய் அங்கே சேர்க்கும். வெள்ளம் வண்டலைக் கரையில் ஒதுக்குவதுபோல. 

ஆக, உங்கள் மேஜையில் இருப்பது அசிரத்தை என்று யாராவது சொன்னால் இயற்பியல் என்று திருத்துங்கள். துடைக்க மட்டும் செய்யாதீர்கள். முதலில் தெரியும் வெள்ளை வட்டம் வெறும் ஈரம், பாலிஷுக்குள் சிக்கியது. விட்டுவைத்தால் ஈரம் கட்டைக்குள் இறங்கிக் கறுப்பு வட்டமாகும். அதன்பின் தச்சர்தான் வர வேண்டும்.

படி 11: தரையை ஆசிட்டால் கழுவுங்கள்

மார்பிள் தரையில் கொட்டினால் எலுமிச்சைத் தோலால் தேயுங்கள். மார்பிள் சுண்ணாம்புக் கல் வம்சம். புளிப்பு பட்டால் அரிக்கும். காப்பி ஈரத்துணியில் போயிருக்கும். எலுமிச்சை போட்ட மங்கல் எந்தத் துணிக்கும் போகாது. செட்டிநாட்டு வீட்டின் ஆத்தங்குடிக் கல் என்றால் கழிவறை ஆசிட்டே எடுக்கலாம். அது சிமெண்ட்டால் செய்த கல், ஆசிட்டைக் கண்டால் வெளிறிவிடும். பெரியவர்கள் பல காலம் நடந்து நடந்து ஏற்றிய பளபளப்பை ஒரு பிற்பகலில் இறக்கிவிட்டு, "கறை போயிடுச்சு" என்று சொல்லலாம்.

படி 12: லேப்டாப் வேலை செய்கிறதா என்று பாருங்கள்

விசைப்பலகையில் கொட்டியதும் மின்சாரத்தை நிறுத்தி, கவிழ்த்துவைக்கத் தோன்றும். தோன்றுவதையெல்லாம் செய்யக் கூடாது. நிமிர்த்தி வைத்து ஒவ்வொரு விசையாக அழுத்திப் பாருங்கள். "எல்லாம் வேலை செய்யுதே" என்று நிம்மதி அடையுங்கள். காப்பி தாய்ப்பலகையைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறது.

பிறகு அரிசி டப்பாவில் புதைத்துவையுங்கள். அரிசிக்குச் சர்க்கரையை உறிஞ்சும் சக்தி கிடையாது. விசைகளுக்கு அடியில் பாகு கம்பிப் பதத்துக்கு வந்து நிற்கும். நீங்கள் "வணக்கம்" என்று அடித்தால் "வவவவவணக்" என்று வரும். மேலதிகாரிக்குப் பணிவாகத் தெரியும்.

படி 13: மறையுங்கள்

கடைசிப் படி, எல்லாருக்கும் தெரிந்தது. சோபா மெத்தையைத் திருப்பிப் போடுங்கள். ஏற்கெனவே திருப்பியிருந்தால் அந்தப் பக்கத்திலும் ஒன்று இருக்கும். மேலே உறை போடுங்கள். உறையில் கொட்டினால் துண்டு போடுங்கள். விருந்தாளி வந்தால் அதே இடத்தில் உட்காரவைத்துக் காப்பி கொடுங்கள். விளிம்பு வரை.

எதிரிகளின் வழி

நேர்மைக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். கறை வேண்டாம் என்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. கொட்டியதும் காய்ந்த துணியால் ஒற்றி எடுப்பார்கள். துணியின் உள்பக்கத்திலிருந்து பச்சைத்தண்ணீரை ஓடவிட்டு, காப்பியை வந்த வழியே வெளியே தள்ளுவார்கள். திரவ டிடர்ஜென்ட் கொஞ்சம் விட்டு, விரலால் மெதுவாக அழுத்தி, சற்று ஊறவைத்து அலசுவார்கள். நிறம் மிஞ்சினால் வினிகரைத் தண்ணீரில் கலந்து ஒற்றுவார்கள், துணியின் சாயம் தாங்குமா என்று மடிப்போரத்தில் பார்த்துக்கொண்டு. கறை முழுக்கப் போகும்வரை இஸ்திரிப் பெட்டியைக் காட்ட மாட்டார்கள். பட்டென்றால் ஒற்றி எடுத்ததோடு நிறுத்தி, மறுநாளே டிரை கிளீனரிடம் போய், "காப்பி, பால் போட்டது" என்று உண்மையைச் சொல்வார்கள். யார் கொட்டினார்கள் என்று மட்டும் கேட்கவே மாட்டார்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் பேச என்ன இருக்கிறது அந்த வீட்டில்?

அந்த ஐந்து நிமிடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நீங்கள் இதைப் படிக்கத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகிறது. மடியில் கொட்டியது இந்நேரம் காய்ந்திருக்கும். வாழ்த்துகள்.